நாயனாப் பிள்ளையின் குரல் எங்கே? (அல்லது) வீட்டில் பாட்டு பதிய எந்த மைக் வாங்கலாம்?

"வீட்டுலயே பாட்டு ரெக்கார்ட் பண்ணணும், எந்த மைக் வாங்கலாம்?"

மாசத்துக்கு ரெண்டு பேராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். நான் ஒன்றும் சவுண்ட் இன்ஜினியர் இல்லை சாமி. படித்தது எலக்ட்ரானிக்ஸ், பொழப்பு சாஃப்ட்வேர். வாரக்கடைசியில் காஞ்சிபுரத்து வீட்டு மாடி அறையில் சொந்தபந்தங்களைப் பிடித்து உட்காரவைத்து, பாடச் சொல்லிப் பதிவு செய்வது பொழுதுபோக்கு. அவ்வளவுதான். கேட்கிறவர்களுக்கு வேண்டியது ஒரு மாடல் நம்பர். நான் ஆரம்பிப்பதோ எங்க ஊர்க் கதை. அதனால் பாதிப்பேர் பாதியிலேயே எஸ்கேப். நீங்களாவது கொஞ்சம் பொறுமையாக இருங்கள், கடைசியில் மைக்குக்கு வந்துவிடுவேன் :-)

எங்க ஊர்க் கதை ஏன்? மைக்குக்கு முன்னால், மைக்கோடு, மைக்கால் என்று மூன்று காலத்துக்கும் ஒவ்வொரு குரல் காஞ்சிபுரத்தில் இருக்கிறது. மூன்றையும் வரிசையாகப் பார்த்தால், எந்த மைக் என்ற கேள்விக்குப் பதில் தானாக வந்து விழும்.

குழாய்க்குள் தலையை விட்ட காலம்

முதல் குரல் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை. 1889ல் பிறந்து 1934ல் மறைந்தவர். கர்நாடக சங்கீதத்தில் லயம் என்று பேச்செடுத்தால் இன்றைக்கும் இவர் பேர் வராமல் போகாது. கச்சேரிக்கு உட்கார்ந்தால் வயலின், மிருதங்கத்தோடு நிற்காது. கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று ஒரு படையே சுற்றி உட்காரும். அதற்கு 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி என்றே பேர். அத்தனை பேரும் சேர்ந்து தாளத்தில் வம்புக்கு இழுப்பார்கள், மனுஷர் அசராமல் பல்லவியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். திருப்புகழைக் கச்சேரி மேடையில் கம்பீரமாகப் பாடியவர்களில் முக்கியமானவர்.

எப்படிப் பாடினார்? கேட்க வழியில்லை. அவர் குரலில் ஒரு ஒலித்தட்டுகூட இல்லை.

அந்தக் காலத்துப் பதிவு எப்படி நடந்தது என்று பார்த்தால்தான் இதன் கனம் புரியும். 1902ல் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தா வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்தபோது மைக் என்ற சாமானே பதிவறையில் கிடையாது. கரண்ட்டும் தேவையில்லை. ஒரு பெரிய தகரக் கூம்பு. அகலமான வாய்க்கு முன்னால் பாடகர், குறுகிய முனையில் ஒரு சவ்வு, சவ்வில் ஒரு ஊசி, ஊசிக்குக் கீழே சுழலும் மெழுகுத் தட்டு. பாடுகிறவரின் மூச்சு பலத்தில்தான் ஊசி அசைந்து மெழுகில் கோடு போடவேண்டும். பெருக்கிக் கொடுக்க எதுவும் இல்லை. அதனால் பாடகர் கிட்டத்தட்ட கூம்புக்குள் தலையை விட்டுக் கத்தவேண்டும். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது தலையைப் பின்னால் இழுக்கவேண்டும், இல்லாவிட்டால் ஊசி எகிறிவிடும்.

இந்தக் கூம்பு தோராயமாக 200 ஹெர்ட்ஸிலிருந்து 2000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் ஓரளவு ஒழுங்காகப் பிடிக்கும். மிருதங்கத்தின் தொப்பி பக்கத்து 'கும்'மென்ற நாதம் அதற்குக் கீழே. 'ச', 'ஸ' போன்ற எழுத்துகளின் கூர்மை அதற்கு மேலே. ரெண்டும் போச்சு. இருந்த இடமும் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிஷம்தான். நாயனாப் பிள்ளையின் ஃபுல் பெஞ்ச்சை அந்தத் தகரக் கூம்புக்கு முன்னால் நிறுத்தி 3 நிமிஷத்தில் பல்லவியை முடிக்கச் சொல்வதைக் கற்பனை பண்ணிப் பாருங்கள். ஏக்கரா கணக்கில் விளைந்த நெல்லைச் சொம்பில் அளந்து தரச் சொன்ன மாதிரி.

ஆக, கூம்பு எல்லாக் குரலையும் ஒரே மாதிரி கேட்கவில்லை. ஓங்கி, நேராக, நடு அலைவரிசையில் ஒலிக்கும் குரல்களுக்குக் கதவைத் திறந்தது. மற்றதை வாசலிலேயே நிறுத்திவிட்டது. இத்தாலியின் கரூசோ கூம்புக்கென்றே செய்த குரல் என்பார்கள். மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசை வரைக்கும் கேட்கப் பாடிப் பழகிய நம்ம எஸ்.ஜி.கிட்டப்பாவும் அந்த ஜாதிக் குரல்தான்.

மின்சாரம் வந்தது, கட்டை இறங்கியது

1925ல் கதை மாறியது. அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஆட்கள் உருவாக்கிய மின்சாரப் பதிவு முறையை விக்டர், கொலம்பியா கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. கூம்பு போய் மைக் வந்தது. இ.சி.வென்ட் என்பவர் அதற்குச் சில வருஷம் முன்பே கண்டென்சர் மைக்கைச் செய்து வைத்திருந்தார். இனி ஊசியை அசைக்கப் பாடகரின் நுரையீரல் வேண்டாம், ஆம்ப்ளிஃபையர் பார்த்துக்கொள்ளும். 1930களின் தொடக்கத்தில் ஆர்.சி.ஏ.வின் ரிப்பன் மைக் வந்தது. காதோடு ரகசியம் பேசுகிற மாதிரி பாடுகிற பிங் கிராஸ்பி போன்றவர்கள் அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்தது இந்த மைக்குகளின் புண்ணியத்தில்.

நம்ம பக்கமும் அதே சமயத்தில் எல்லாம் ஒன்றாக வந்து இறங்கியது. 1930ல் சென்னை மாநகராட்சி ரேடியோ. 1931ல் 'காளிதாஸ்' பேசும் படம். 1938ல் சென்னை வானொலி நிலையம். கச்சேரி மேடையிலும் மைக் மெல்ல மெல்ல வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்தக் காலத்துக் குரல்தான் எங்க ஊரின் ரெண்டாவது குரல்: டி.கே.பட்டம்மாள். 1919ல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். சின்னப் பெண்ணாக நாயனாப் பிள்ளையின் கச்சேரிகளைக் கேட்டு, அவரையே மானசீக குருவாக வரித்துக்கொண்டவர். பெண்கள் மேடையில் ராகம் தானம் பல்லவி பாடும் வழக்கம் இல்லாத நாளில் பாடிக் காட்டி, 'பல்லவி பட்டம்மாள்' என்று பேர் வாங்கியவர். அந்த லயக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

குருவும் சிஷ்யையும் ஒரே ஊர், ஒரே பாணி. நடுவில் 30 வருஷ வித்தியாசம். ஆனால் அந்த 30 வருஷத்தில் மைக் வந்துவிட்டது. பட்டம்மாள் சிறுமியாக இருக்கும்போதே ரேடியோவில் பாடினார், ஒலித்தட்டு கொடுத்தார், 1939ல் 'தியாகபூமி' படத்துக்குப் பாடினார். அவருடைய கனமான, ஆழமான குரலை இன்றைக்கும் ஹெட்போனில் கேட்கலாம். ஒருவருக்கு இணையத்தில் மணிக்கணக்கில் பாட்டு கிடக்கிறது, இன்னொருவருக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை!

மைக் வந்ததால் பதிவு மட்டும் மாறவில்லை, பாட்டே மாறியது. மைக் இல்லாத காலத்தில் ஆண்கள் 4 கட்டை, 5 கட்டை சுருதியில் பாடினார்கள். அப்போதுதான் குரல் பந்தலின் கடைசிவரைக்கும் போகும். மைக் வந்த பிறகு சுருதி இறங்கி இறங்கி, இன்றைக்கு 1 கட்டை, ஒன்றரைக் கட்டையில் வந்து நிற்கிறது. அதற்கும் கீழே இறங்கி, நிதானமாக, அடிவயிற்றிலிருந்து பாடிய எம்.டி.ராமநாதனை மைக் இல்லாத கல்யாணப் பந்தலில் வைத்து நினைத்துப் பாருங்கள். நாலாவது வரிசைக்குக் கேட்டிருக்குமா? சினிமாவில் ஏ.எம்.ராஜா, பி.பி.ஸ்ரீநிவாஸின் வெல்வெட் குரல்களும் அப்படித்தான். மைக் இல்லையென்றால் அந்த மென்மைக்குப் பேர், "கொஞ்சம் சத்தமாப் பாடுப்பா"!

கரகரத்த குரலுக்கு ஒரு மைக்

மூன்றாவது குரல் பாடகரே இல்லை. 1909ல் எங்க ஊரில் பிறந்த அண்ணாதுரை. அரசியலை ஓரமாக வைத்துவிட்டுக் குரலை மட்டும் பாருங்கள். ஆள் குள்ளம், குரல் கரகரப்பு. கொட்டகைக் காலத்து இலக்கணப்படி இது மேடைக்கு ஆகவே ஆகாத குரல். கிட்டப்பா காலத்து நாடக வாத்தியார் யாராவது கேட்டிருந்தால் சீன் தள்ளுகிற வேலை கொடுத்திருப்பார். ஆனால் மைக்குக்கு முன்னால் அந்தக் கரகரப்பே அடையாளமாகிவிட்டது. கத்தத் தேவையில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி, அடுக்கடுக்காக, மூச்சை எங்கே நிறுத்தவேண்டுமோ அங்கே நிறுத்தி அவர் பேச, கூம்பு ஸ்பீக்கர் அதை மைதானத்தின் மூலைக்கு மூலை கொண்டுபோய்ச் சேர்த்தது. 1967ல் கோட்டைக்குப் போகிறவரைக்கும் நடந்த பயணத்தில் மைக் செட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

பொதுக்கூட்ட மைக் செட்டில் ஒரு தலைவலி. ஸ்பீக்கர் சத்தம் திரும்ப மைக்குக்குள் புகுந்து 'கூ'வென்று ஊளையிடும். 1939ல் ஷூர் கம்பெனியில் பெஞ்சமின் பாவர் என்ற இன்ஜினியர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மைக்கின் பின்பக்கம் சின்னத் துவாரங்கள். பின்னாலிருந்து வரும் சத்தம் சவ்வின் ரெண்டு பக்கமும் ஒரே சமயத்தில் வந்து ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். முன்னாலிருந்து வரும் குரல் மட்டும் நிற்கும். மைக் எந்தத் திசையில் எவ்வளவு கேட்கிறது என்று படம் போட்டால் இதய வடிவம் வரும், அதனால் 'கார்டியாய்டு' என்று பேர். கண்காட்சிகளில் பார்த்திருப்பீர்களே, ரேடியேட்டர் மாதிரி பட்டை பட்டையாக இருக்கும் பழைய மைக், அந்த யூனிடைன் 55தான் அது. அதன் வாரிசுதான் 1966ல் வந்த எஸ்.எம்.58. உங்க ஊர்க் கோயில் கச்சேரியில் இன்றைக்கும் நிற்கிற, உருண்டைத் தலை டைனமிக் மைக்.

இன்னொரு பக்கம் ஜெர்மனியில் நியூமன் கம்பெனி ஸ்டூடியோக்களுக்கு என்றே கண்டென்சர் மைக் செய்துகொண்டிருந்தது. 1949ல் யூ 47, 1967ல் யூ 87. குரலின் ஒவ்வொரு இழையையும் காட்டும். ஆனால் அந்த மைக் ஒன்றை எதிர்பார்க்கிறது: அமைதியான அறை. சுவரில் பஞ்சு, டபுள் கதவு, வெளியே சிவப்பு விளக்கு. ஏ.ஆர்.ரஹ்மான் 1989ல் வீட்டை ஒட்டி ஸ்டூடியோ கட்டினார் என்றால் 'ஸ்டூடியோ' என்பதை அழுத்திப் படிக்கவேண்டும். மைக் வாங்கி மேஜைமேல் வைத்த கதை இல்லை அது.

சரி, இப்ப மைக்குக்கு வருவோம்

எங்க தெருவுக்கு வாருங்கள். ரெண்டு வீட்டுக்கு ஒரு குழித்தறி. காலையில் ஆரம்பித்தால் 'டக்... டக்... டக்'கென்று அச்சு அடிக்கிற சத்தம் பொழுதுக்கும் ஓயாது. கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், மோட்டார் நிற்கும், தறி நிற்காது. ஏன்னா அது கைத்தறி :-) இது போக மார்கழி விடியலில் கோயில் ஸ்பீக்கர், வைகாசியில் வரதர் கருட சேவைக் கூட்டம், மற்ற நாளெல்லாம் ஹாரன்.

பாடப்போவது எங்க பெரியத்தை. 78 வயசு. கையில் தாளம் போட்டுக்கொண்டு திருப்புகழ் பாடுவார். குரல் மெலிந்துவிட்டது, ஆனால் தாளம் ஒரு அட்சரம் பிசகாது. அதாவது மெல்லிய குரல், சத்தமான தெரு. இதற்கு எந்த மைக்?

"கண்டென்சர் எல்லாத்தையும் இழுக்கும், டைனமிக் வெளிச் சத்தத்தை விட்டுடும்" என்று கடைக்காரர் முதல் யூடியூப் பெரியவர்கள் வரை சொல்கிறார்கள். பாதி உண்மை. கண்டென்சருக்கு உணர்திறன் அதிகம்தான். எஸ்.எம்.58 ஒரு பாஸ்கல் அழுத்தத்துக்குச் சுமார் 1.85 மில்லிவோல்ட் தரும். இப்போது வரும் யூ 87 ஏஐ 28 மில்லிவோல்ட். 15 மடங்கு. ஆனால் குரலைப் 15 மடங்கு பெரிசாக்கும் மைக், தறியையும் அதே 15 மடங்குதான் பெரிசாக்கும். குரலுக்கும் தறிக்கும் உள்ள விகிதம் மாறாது. அந்த விகிதத்தைத் தீர்மானிப்பது ரெண்டே விஷயம்: வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம், மைக் எந்தப் பக்கம் காதை மூடிக்கொள்கிறது என்பது.

தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். 20 சென்டிமீட்டரிலிருந்து 5 சென்டிமீட்டருக்கு வந்தால் 12 டெசிபல். தறி எங்கேயோ இருக்கிறது, அதன் சத்தம் மாறாது. டைனமிக் மைக்கின் நல்ல பேருக்குக் காரணம் இதுதான், அதை எல்லோரும் வாயோடு ஒட்டிப் பிடிக்கிறார்கள்! அதனால் என் சிபாரிசு இப்படிப் போகும்:

1. தெருவில் சத்தம் இருந்தால், கார்டியாய்டு டைனமிக். வாயிலிருந்து நாலு விரற்கடை தூரம். மைக்கின் பின்பக்கம் தறியையோ ஜன்னலையோ பார்க்கவேண்டும். கார்டியாய்டை இவ்வளவு கிட்டத்தில் வைத்தால் கீழ் அலைகள் தூக்கிக் கொடுக்கும். வயசான, மெலிந்த குரலுக்கு இது ஒரு வரம், கொஞ்சம் சதை போட்ட மாதிரி ஒலிக்கும். 'ப' வரும்போது காற்று அடிக்கும், மைக்கை வாய்க்கு நேராக இல்லாமல் சற்றே ஓரமாக வையுங்கள்.

2. டைனமிக்கோடு மெல்லிய குரல் சேர்ந்தால் நிறைய பெருக்கம் வேண்டும். மட்டமான இன்டர்ஃபேஸில் 'உஸ்'ஸென்ற இரைச்சல் வரும். காசை மைக்கில் கொட்டாமல் கொஞ்சம் இன்டர்ஃபேஸுக்கு மிச்சம் வையுங்கள். 60 டெசிபல் வரைக்கும் சுத்தமாகப் பெருக்கினால் போதும்.

3. அறை நிஜமாகவே அமைதி, குரலில் நுணுக்கம் அதிகம், பாடகர் தலையை ஆட்டி ஆட்டிப் பாடுகிறவர் என்றால் கண்டென்சர். 48 வோல்ட் ஃபேன்டம் பவர் தருகிற இன்டர்ஃபேஸா என்று பார்த்து வாங்குங்கள். ஈரம் ஆகாது, டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

4. எந்த மைக்காக இருந்தாலும் பாடகருக்குப் பின்னால் இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்துங்கள். காஞ்சிபுரமாச்சே என்று பட்டுப்புடவையைத் தொங்கவிட்டால் எதிரொலி குறையாது, மெல்லிசு. வீட்டில் அடிதான் விழும்.

5. தம்புராவை ஹெட்போனில் மட்டும் கொடுங்கள். பிறகு தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

6. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டரைப் போட்டால் தறியின் அதிர்வு கணிசமாகக் குறையும். 1 கட்டையில் பாடும் ஆணின் மந்திர பஞ்சமமே சுமார் 98 ஹெர்ட்ஸ். அதனால் பாட்டுக்குப் பங்கம் வராது.

7. எல்லாவற்றையும்விட நல்ல கருவி கடிகாரம். மதியச் சாப்பாட்டுக்குத் தறி நிற்கிற அந்த முக்கால் மணி நேரத்துக்கு ஈடான நியூமன் மைக் கிடையாது.

பெரியத்தைக்கு நான் எடுத்தது முதல் வழி. நாலு விரற்கடை, சாப்பாட்டு நேரம், ஃபேன் ஆஃப். மே மாசத்தில் ஃபேன் ஆஃப் என்றால் பாடுகிறவருக்கு ரெண்டு பாட்டுக்கு ஒரு மோர் என்று கணக்கு. இதுவரை 31 திருப்புகழ் ஆகியிருக்கிறது. சிலதில் தூரத்து 'டக்... டக்' லேசாக இருக்கத்தான் இருக்கிறது. வேண்டுமென்றே அழிக்காமல் விட்டிருக்கிறேன். ஐம்பது வருஷம் கழித்துக் கேட்கிறவனுக்கு அந்தத் தெருவும் கிடைக்கட்டுமே.

இனி நாயனாப் பிள்ளைக்கு வருகிறேன். 1934ல் அவர் போனபோது மின்சாரப் பதிவு வந்து 9 வருஷம் ஆகியிருந்தது. அவர் உயிரோடு இருந்தபோதே, 1932ல், வீணை தனம்மாள் ஒலித்தட்டுக்கு வாசித்துவிட்டார். வீட்டுக் கூடத்தில் மூச்சுவிடாமல் உட்கார்ந்தால்தான் காதில் விழும் என்று சொல்லப்பட்ட வீணை அது. அந்த வீணைக்குக் கிடைத்த மைக், ஃபுல் பெஞ்ச் கட்டிப் பாடிய குரலுக்குக் கிடைக்கவில்லை. வயசும் 45ஐத் தாண்டவில்லை.

அப்படியானால் அவர் பாட்டு அழிந்ததா? முழுசாக இல்லை. தனம்மாள் தன் பேத்திகள் பிருந்தாவையும் முக்தாவையும் கற்றுக்கொள்ள அனுப்பியது காஞ்சிபுரத்துக்கு, இவரிடம்தான். இன்னொரு சிஷ்யர் சித்தூர் சுப்ரமணிய பிள்ளை 1954ல் சங்கீத கலாநிதி ஆனார், பிருந்தா 1976ல். நாயனாப் பிள்ளையின் பாடங்கள் அவர்கள் தொண்டையில் பதிந்து, அவர்கள் மைக்குக்கு முன்னால் பாடியபோது நமக்கு வந்து சேர்ந்தன. மனுஷனைவிடப் பெரிய ரெக்கார்டர் இல்லைதான். ஆனால் சிஷ்யர் கொண்டுவருவது பாட்டை. குரலைக் கொண்டுவர முடியாது. அந்தக் குரல் கனமா, கீச்சா, கரகரப்பா? நல்லதொரு தீர்மானம் வைத்து முடித்ததும் சிரித்தாரா? அதைச் சொல்ல ஒரு தகரக் கூம்புகூடப் போதுமாயிருந்திருக்கும்.

எனவே, எந்த மைக் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: யாரைப் பதியப் போகிறீர்கள், எந்த அறையில் என்று முதலில் சொல்லுங்கள். அது தெரிந்தால் மைக் தெரிந்துவிடும். யாரை என்பதற்கு உங்கள் பதில் 70ஐத் தாண்டிய ஒருவராக இருந்தால், ஆறு மாசம் ரிவ்யூ படித்துக்கொண்டிருக்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு, கையில் இருக்கிற செல்போனை அவர் பக்கத்தில் வையுங்கள். நாலு விரற்கடை. நல்ல மைக் அடுத்த மாசம் வரட்டும்.

டிஸ்கி: உங்கள் வீட்டில் தாலாட்டோ, ஒப்பாரியோ, நலங்குப் பாட்டோ, பஜனைப் பாட்டோ பாடுகிற பெரியவர் யாராவது இருந்தால், பதிந்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள். இரைச்சலைக் குறைக்கிற வேலையை நான் இலவசமாகச் செய்து தருகிறேன். மோர் மட்டும் உங்கள் செலவு :-)